மண் காக்கும் பணம் எவரைச் சேரவேண்டும்?

பொதுமக்களின் வரிப்பணத்தை ஓர் அரசாங்கம் எடுத்துத் தனியொருவர் கையிற் கொடுக்கும்போது இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. எதற்காகக் கொடுக்கப்படுகின்றது என்பது ஒன்று. எவருக்குக் கொடுக்கப்படுகின்றது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடையிறுப்பதில் அரசாங்கங்கள் மிக வல்லன. சட்டங்களின் முகவுரைகள் யாவும் அக்கேள்விக்கு விடையாகவே எழுதப்படுகின்றன. இரண்டாவது கேள்விக்குரிய விடையோ முகவுரையில் இராது. சட்டத்தின் உட்பிரிவுகளிலே, 'இயன்ற அளவு' என்றும் 'நியாயமெனக் கருதுமிடத்து' என்றும் வரும் சொற்களிலே அது ஒளிந்து கிடக்கும். அதனைத் தேடி எடுத்து வெளிச்சத்திலே வைப்பது சட்டம் கற்றோரின் கடமை. அதனை விளங்கிக்கொள்வது உழுது வாழ்வோரின் உரிமை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மண்வளத்தைக் காப்பதற்கென விளைநிலச் சொந்தக்காரருக்கு மத்திய அரசாங்கம் வழங்கிவரும் மானியத்தை இந்தக் கண்கொண்டே நாம் இவ்வாரம் ஆராயப் புகுகின்றோம். கடல் கடந்த நாட்டின் காரியம் நமக்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். காணி ஒருவர் பெயரிலும் கலப்பை வேறொருவர் கையிலும் இருக்கும் நாடு எதுவாயினும், அங்கே எழும் வழக்கு ஒன்றே. பெருந்தொகைப் பணத்தையும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அனுபவத்தையும் கொண்ட ஒரு நாடு இவ்விடயத்திற் கற்றதும் கல்லாததும் நமக்குப் பாடமாகும்.

பாக்கா கவுண்டியின் புழுதி

கொலராடோ மாநிலத்தின் தென்கிழக்கு மூலையிலே பாக்கா என்னும் கவுண்டி இருக்கின்றது. கவுண்டி என்பது அந்நாட்டு மாநிலங்களின் உட்பிரிவு. ஏறக்குறைய நமது மாவட்டத்தைப் போன்றது. பாக்காவின் பரப்பு 2,500 சதுர மைலுக்கு மேற்பட்டது. நமது வட மாகாணத்தில் ஏறத்தாழ முக்காற் பங்கு என்று சொல்லலாம். ஆண்டொன்றுக்கு அங்கே பெய்யும் மழை 15 அல்லது 16 அங்குலமே. குடாநாட்டுக்கு மழை போதாதென்று நாம் முறையிடுகின்றோம். நமக்குப் பெய்வதில் மூன்றிலொரு பங்கே அவர்களுக்குப் பெய்கின்றது.

புல் மூடிக் கிடந்த அந்தச் சமவெளியை, முதலாம் உலகப் போரின்போதும் அதனையடுத்த ஆண்டுகளிலும், கோதுமைக்குக் கிடைத்த விலையைக் கண்டு உழுது புரட்டினார்கள். 1930ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தது. வேரின் பிடிப்பை இழந்த மண் காற்றோடு எழுந்தது. 1934ஆம் ஆண்டு மே மாதத்திற் சமவெளிகளிலிருந்து கிளம்பிய புழுதி அத்திலாந்திக் கரை நகரங்கள்வரை சென்று படிந்தது. 1930இற் பாக்காவில் வாழ்ந்தோர் 10,500 பேருக்கு மேல். 1940இல் எஞ்சியிருந்தோர் 6,200 பேரளவில். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு அங்கே கண்ட தொகை ஏறத்தாழ 3,500. இந்தத் தேய்வுக்கு இயந்திரமும் நகரமும் காரணங்களாயினும், அது தொடங்கியது மண் பறந்த அந்தப் பத்தாண்டிலேதான்.

அந்த அழிவே அரசாங்கத்தை விழிக்கச் செய்தது. 1935ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மண்பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஹியூ பெனற் என்னும் மண்ணியல் அறிஞரின் தலைமையில் மண்பாதுகாப்புச் சேவை என்னும் நிலையான திணைக்களம் ஏற்பட்டது. உழவுக்கு உதவாதெனக் கண்ட நிலத்தை அரசாங்கம் விலைகொடுத்து வாங்கிப் புல் விதைத்தது. அவ்வாறு வாங்கியதிற் பெரும்பகுதியே இன்று பாக்காவிலும் அயற் கவுண்டிகளிலும் கொமான்சே தேசியப் புல்வெளி என்ற பெயரில் நான்கு இலட்சம் ஏக்கருக்கு மேற் பரந்து கிடக்கின்றது.

ஆகவே, மண்ணைக் காப்பதற்குப் பொதுப்பணம் செலவிடலாமா என்பது நமக்கு ஒரு கேள்வியே அன்று. ஒருவனுடைய காணியிலிருந்து கிளம்பும் புழுதி அயலானின் கிணற்றையும் மூடுகின்றது. மண் உண்டாவதற்குப் பல நூற்றாண்டுகள் வேண்டும். போவதற்கு ஒரு மாரி, ஒரு கோடை போதும். உறுதி ஒருவர் பெயரில் இருந்தாலும் மண் பின்வரும் தலைமுறைகள் யாவற்றுக்கும் உரியது. அதற்காகத் திறைசேரியைத் திறப்பது நீதியே. நமது ஆராய்ச்சி, திறந்த திறைசேரியின் பணம் எவ்வழி ஓடுகின்றது என்பதைப் பற்றியது.

'இயன்ற அளவு'

நிலத்தை உழாமல் விடுவதற்கு அரசாங்கம் பணம் கொடுக்கும் வழக்கம் மண்பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1933ஆம் ஆண்டில், ஜனாதிபதி றூஸ்வெல்றின் ஆட்சியில், விளைபொருளின் விலையை உயர்த்தும் பொருட்டு விளைநிலத்தைக் குறைக்கும் சட்டம் வந்தது. பருத்தி விளையும் தென் மாநிலங்களில், வயலின் ஒரு பகுதியை வெறுமையாக விடுவதற்குச் சொந்தக்காரரோடு அரசாங்கம் ஒப்பந்தம் எழுதியது. அவ்வயல்களை உழுதவர்களோ பெரும்பாலும் வாரக்குடிகள். நிலத்தை ஒதுக்கியதற்கான வாடகைப் பணத்தில் அவர்களுக்குப் பங்கில்லை.

நிலம் குறைந்தால் ஆளும் குறையுமென்பதை ஒப்பந்தத்தை எழுதியோர் அறியாமல் இல்லை. 1934, 1935ஆம் ஆண்டுகளுக்கான பருத்தி ஒப்பந்தத்தின் ஏழாம் பந்தியில், சொந்தக்காரர் வழக்கமான தொகையிற் குடிகளை வைத்திருக்க வேண்டுமென்று எழுதினார்கள். ஆனால் அவ்வாசகத்தோடு 'இயன்ற அளவு' என்ற சொல்லையும் சேர்த்தார்கள். அச்சொல் அந்த ஏழாம் பந்தியின் உயிரைக் குடித்தது. எவருக்கு இயன்ற அளவு? சொந்தக்காரருக்கு. இயன்றதா, இயலவில்லையா என்று தீர்மானிப்பவர் யார்? அவரே. வெறும் தொகையைக் காப்பாற்றினாற் போதுமா, அல்லது அதே குடும்பங்களை வைத்திருத்தல் வேண்டுமா? இதற்கும் தெளிவான விடை அங்கே இல்லை.

விளைவு என்ன? ஆர்கன்சா மாநிலத்தின் பொயின்செற் கவுண்டியில் வாரக்குடிகள் வெளியேற்றப்பட்டனர். 1934ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அக்கவுண்டியின் ரைறன்சா என்னும் ஊரருகே, வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே கூரையின் கீழ் ஒன்றுகூடித் தென்னாட்டுக் குத்தகைக் கமக்காரர் சங்கத்தை அமைத்தார்கள். நிறபேதம் சட்டமாகவே நிலவிய மாநிலத்தில் அது சிறிய காரியமன்று. வாஷிங்ரனில், கமத்தொழிற் சீரமைப்பு நிருவாகத்தின் சட்டப் பகுதிக்குத் தலைமை தாங்கிய ஜெரோம் பிராங்கும் அவருடைய துணைவரும் ஏழாம் பந்திக்கு நேரிய பொருள் கூறினார்கள். ஒப்பந்த காலம் முழுவதும் அதே குடிகளை வைத்திருக்கச் சொந்தக்காரர் கடமைப்பட்டவர் என்பது அவர்களுடைய சட்ட அபிப்பிராயம். 1935ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் பிராங்கும் வேறு சிலரும் பதவியிலிருந்து நீக்கப்பட்டனர். அபிப்பிராயமும் அவர்களோடு வெளியேறியது.

இந்த வரலாற்றில் நாம் கருதவேண்டிய உண்மை ஒன்றுண்டு. சொந்தக்காரருக்குக் கொடுக்கவேண்டிய தொகை சதக் கணக்கில் நிர்ணயமாக எழுதப்பட்டிருந்தது. கொடுபடாவிட்டால் அவர் வழக்காடலாம். குடியானவனுக்குரிய பாதுகாப்போ நல்லெண்ணமாக மட்டுமே எழுதப்பட்டிருந்தது. நல்லெண்ணத்தை வைத்து எவரும் வழக்காட முடியாது. ஒரே ஒப்பந்தத்தில் ஒருவருக்குக் கடினமான சொல்லும் மற்றொருவருக்கு மென்மையான சொல்லும் எழுதப்படுமாயின், பணம் எப்பக்கம் ஓடும் என்பதைச் சொல்லச் சோதிடர் தேவையில்லை.

1936ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அந்நாட்டு உயர்ந்த நீதிமன்று, பட்லர் வழக்கில், 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் மானிய முறை அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்த்தது. கமத்தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்குரியது என்பது பெரும்பான்மை நீதியரசரின் கொள்கை. காங்கிரஸ் இரண்டு மாதங்கூடத் தாமதிக்கவில்லை. பெப்ருவரி மாத முடிவுக்குள் மண்பாதுகாப்பின் பெயரில் மற்றொரு சட்டத்தை இயற்றி, மண்ணை இளைக்கச் செய்யும் பயிரைக் கைவிட்டு மண்ணைக் காக்கும் பயிரை இடுவோருக்குப் பணம் கொடுத்தது. அன்றுதொட்டு அந்நாட்டில் மண்பாதுகாப்பு என்னும் சொல் இரண்டு சுமைகளைத் தாங்குகின்றது. ஒன்று மண், மற்றொன்று நிலச் சொந்தக்காரரின் வருமானம். எது எங்கே முடிகின்றது, எது எங்கே தொடங்குகின்றது என்று பிரித்தறிவது இன்றுவரை எளிதாயில்லை.

மண் வங்கியும் அதன் பின்னரும்

1956ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஐசனோவரின் ஆட்சி 'மண் வங்கி' என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்று முதற் பத்து ஆண்டுகள்வரை நிலத்தை உழாமல் விடுவோருக்கு வாடகை கொடுக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் ஏக்கர் இவ்வாறு ஒதுக்கப்பட்டது. முழுக் கமங்களையும் ஒருங்கே ஒதுக்கிவிட்டுச் சொந்தக்காரர் ஊரைவிட்டே போய்விடலாம் என்பதால், விதை விற்போரும் இயந்திரம் திருத்துவோரும் தானியக் களஞ்சியம் நடத்துவோரும் தொழிலிழந்தனர் என்ற முறைப்பாடு எங்கும் எழுந்தது. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சோவியத் நாடு பெருந்தொகைத் தானியத்தை வாங்கியது, விலை ஏறியது, அரசாங்கமே இயன்றதனைத்தையும் உழுமாறு தூண்டியது. பணம் கொடுத்து மூடிய புல், கலப்பைக்குக் கீழே மீண்டும் சென்றது.

அவ்வாறு உழுதோர் கடன்பட்டே உழுதனர். விலை விழுந்தபோது கடன் நின்றது. 1977ஆம் ஆண்டில் நாடளாவிய கமக்காரர் வேலைநிறுத்த இயக்கம் பாக்கா கவுண்டியிலேதான் பிறந்தது. 1983ஆம் ஆண்டு சனவரியில், அக்கவுண்டியின் தலைநகராகிய ஸ்பிறிங்பீல்டில், கடனுக்காக ஒரு கமம் ஏலத்துக்கு வந்தபோது அதனைத் தடுக்கத் திரண்ட கமக்காரர்மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது.

இந்தப் பின்னணியிலேதான் 1985ஆம் ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி றேகன் ஒப்பமிட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டத்தை ஏற்படுத்தியது. எளிதில் அரிபடும் நிலத்தைப் பத்து முதற் பதினைந்து ஆண்டுகள்வரை உழுவதில்லை என்று சொந்தக்காரர் ஒப்பந்தம் செய்வார். அரசாங்கம் ஆண்டுதோறும் ஏக்கருக்கு இவ்வளவென வாடகை கொடுப்பதுடன், புல்லோ மரமோ நாட்டும் செலவில் ஒரு பகுதியையும் ஏற்கும். முன்னைய அனுபவத்திலிருந்து சில பாடங்கள் இச்சட்டத்துள் எழுதப்பட்டன. பொதுவாக ஒரு கவுண்டியின் விளைநிலத்தில் நூற்றுக்கு 25 வீதத்துக்கு மேல் ஒதுக்கலாகாது. ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 50,000 டொலருக்கு மேல் வாடகை செல்லலாகாது. பணத்துக்காகவே நிலம் வாங்குவோரைத் தடுக்க, குறித்த காலம் நிலத்தை உடைமையாக வைத்திருந்தவரே சேரலாம் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது.

திட்டத்தின் நன்மையை மறைப்பது நேர்மையாகாது. பாக்கா போன்ற கவுண்டிகளிற் பெரும்பரப்பு இத்திட்டத்துள் வந்து மீண்டும் புல் மூடியது. மண் காற்றிற் பறப்பது குறைந்தது; நீரோடைகளுக்குள் வண்டல் இறங்குவது குறைந்தது; புல்வெளிப் பறவைகளுக்கு இருப்பிடம் கிடைத்தது. ஈட்டுக்கடனிற் சிக்கிய பல சிறு சொந்தக்காரருக்கு அரசாங்கத்தின் காசோலையே வங்கியை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. கிராமங்கள் இதனாலேயே வெறுமையாகிவிட்டன என்ற குற்றச்சாட்டையும் அளவோடுதான் ஏற்கவேண்டும். அமெரிக்கக் கமத்தொழிற் திணைக்களத்தின் பொருளாதார ஆராய்ச்சிப் பகுதி 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, ஒதுக்கீடு மிகுந்த கிராமக் கவுண்டிகள் சிலவற்றில் முதலாண்டுகளில் வேலைவாய்ப்புக் குன்றியதென்றும், அவ்விளைவு நீடிக்கவில்லை என்றும், குடிசனம் குறைந்ததற்குத் திட்டமே காரணம் என்பதற்குத் தக்க சான்று இல்லையென்றும் கண்டது. ஆகவே திட்டத்தை ஒழிக்கவேண்டும் என்போரோடு நாம் சேரவில்லை. திட்டத்தின் சொற்களிலேதான் நமக்கு வழக்கு.

மீண்டும் மென்மையான சொல்

1934ஆம் ஆண்டின் ஏழாம் பந்தி 1985ஆம் ஆண்டில் வேறு உடை அணிந்து வந்தது. குத்தகைக்காரரும் வாரக்குடிகளும் பெறவேண்டிய நலனுக்குத் தக்க பாதுகாப்புச் செய்யவேண்டும் என்றும், கொடுப்பனவில் நியாயமான பங்கு இருத்தல் வேண்டும் என்றும் சட்டம் செயலாளருக்குப் பணிக்கின்றது. கேட்பதற்கு இனிமையாயிருக்கின்றது. அச்சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளோ, பணம் ஒப்பந்தத்திற் குறித்தவாறு பங்கிடப்படும் என்றும், நியாயமென நிருவாகம் கருதும் முறையிற் குடிகள் நடத்தப்படுவர் என்றும் கூறி அமைகின்றன. எத்தனை பங்கு என்று எண் இல்லை. எத்தனை ஆண்டு உழுதவனுக்கு உரிமை என்று வரையறை இல்லை.

இதன் நடைமுறையைச் சிந்தியுங்கள். ஒருவர் ஒரு நிலத்தைப் பல்லாண்டுகள் வருடக் குத்தகைக்கு உழுது வருகின்றார். சொந்தக்காரர் தொலைதூர நகரத்தில் வாழ்கின்றார். அடுத்த வருடம் குத்தகையைப் புதுப்பிக்காமல் விட்டு, அதன்பின் நிலத்தை அரசாங்கத்துக்கு ஒதுக்க முன்வருகின்றார். இங்கே வெளியேற்றம் நடந்ததா? சட்டக் கண்ணுக்கு எதுவும் நடக்கவில்லை. காலம் முடிந்த குத்தகை முடிந்தது, அவ்வளவே. விண்ணப்பம் வரும் நாளில் அந்நிலத்துக்குக் குத்தகைக்காரரே இல்லை. இல்லாதவருக்குப் பங்கு கேட்பது யார்? பாதுகாப்பு வாசகம் ஏட்டில் நிற்கும். பாதுகாக்கப்பட வேண்டியவர் தெருவில் நிற்பார்.

இது கற்பனைக் கூற்றன்று என்பதற்கு அந்நாட்டின் காணி நிலையே சான்று. 2014ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த கணக்கின்படி, தொடர்ச்சியான 48 மாநிலங்களின் கமநிலத்தில் நூற்றுக்கு 39 வீதம் குத்தகை நிலம். அக்குத்தகை நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு, தாம் கமம் செய்யாத சொந்தக்காரருடையது. தொடக்க ஆண்டுகளிற் பல பகுதிகளில் அரசாங்கம் கொடுத்த வாடகை உள்ளூர்க் குத்தகையிலும் மேலாயிருந்தது. திறைசேரியோடு போட்டியிட்டு ஓர் இளம் கமக்காரன் எவ்வாறு நிலம் பெறுவான்? இக்குறையை உணர்ந்தே 2018ஆம் ஆண்டுச் சட்டம் பொது ஒதுக்கீட்டு வாடகையைக் கவுண்டியின் சராசரிக் குத்தகையில் நூற்றுக்கு 85 வீதமாகக் கட்டுப்படுத்தியது.

'நியாயமெனக் கருதுதல்' என்ற சொல் எவர் கையில் இருக்கின்றது என்பதும் முக்கியமானது. கமத்தொழிற் திணைக்களத்தின் உதவிகள் பெரும்பாலும் உள்ளூரிற் தெரிவு செய்யப்படும் கவுண்டிக் குழுக்களின் வழியாகவே சென்றன. கடனிலும் உதவியிலும் தாம் நிறத்தின் காரணமாக வஞ்சிக்கப்பட்டதாகக் கறுப்பினக் கமக்காரர் 1997ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். 1999ஆம் ஆண்டில் அது உடன்பாட்டில் முடிந்து, ஏறத்தாழ 100 கோடி டொலர் கொடுக்கவேண்டி வந்தது. சட்டம் அளவைக் குறிக்காது விட்டால், அளவுகோல் அதிகாரம் படைத்தவரின் கைக்குப் போகும். சிறுபான்மையோரும் எளியோரும் அக்கையிலிருந்து நீதியைப் பிச்சையாகவே பெறவேண்டி வரும்.

மண்ணுக்கும் அதே கதி

குடியானவனுக்கு மட்டுமா மென்மையான சொல் கிடைத்தது? மண்ணுக்கும் அதுவே கிடைத்தது. அரசாங்கம் கொடுப்பது வாடகை. பத்தாண்டு வாடகை கொடுத்தால் பத்தாண்டு புல் நிற்கும். பதினோராம் ஆண்டிற் பொதுமக்களுக்கு அந்நிலத்தில் எந்த உரிமையும் இல்லை. 2007ஆம் ஆண்டில் ஒதுக்கீட்டுத் திட்டத்தில் 3 கோடியே 68 இலட்சம் ஏக்கர் இருந்தது, அதுவே உச்சம். சோளத்திலிருந்து எரிபொருள் வடிக்கும் கொள்கையை 2005, 2007ஆம் ஆண்டுகளின் எரிசக்திச் சட்டங்கள் ஊக்கியதும், தானிய விலை 2012வரை ஏறியதும், காலம் முடிந்த ஒப்பந்தங்களைப் பல சொந்தக்காரர் புதுப்பிக்காது விட்டனர். காங்கிரசும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் திட்டத்தின் உச்சவரம்பை 2 கோடியே 40 இலட்சம் ஏக்கராகக் குறைத்தது. 2020ஆம் ஆண்டளவில் எஞ்சியது ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம். இருபது ஆண்டுகளாகப் பொதுப்பணத்தாற் காக்கப்பட்ட மண், ஒரு விலை உயர்வின் முன் ஒரு பருவத்துக்குள் மீண்டும் திறக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டுகளின் கதை, இலக்கங்கள் மட்டும் மாறி மீண்டும் நடந்தது.

சொந்தக்காரர் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். நிலம் அவருடையது, வரி கட்டுபவர் அவர், விளைவை இழப்பவர் அவர், ஆகவே வாடகை அவருக்கே உரியது என்பர். விளைவை இழப்பதற்கு ஈடு வேண்டுமென்பது நியாயமே. ஆனால் குத்தகை நிலத்தில் விளைவை இழப்பவர் இருவர். சொந்தக்காரர் குத்தகைப் பணத்தை இழக்கின்றார். உழுதவர் தம் சீவனத்தையே இழக்கின்றார். முதலாவது இழப்புக்கு முழு ஈடு, இரண்டாவது இழப்புக்கு நல்வாக்கு என்பது எந்த நீதித் தராசில் நிற்கும்? அன்றியும், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 180 கோடி டொலரைக் கொடுக்கும் பொதுமக்கள் ஒரு தரப்பாக இருக்கின்றனர். அவர்கள் கொடுத்த பணத்துக்கு நிலைத்த பயன் ஒன்றைக் கேட்பது பேராசையாகுமா?

பரிகாரம் புதிதன்று

இதற்குப் பரிகாரம் தேடிக் கற்பனை உலகுக்குச் செல்லவேண்டியதில்லை. அதன் வித்துக்கள் அந்நாட்டுச் சட்டத்திலேயே கிடக்கின்றன. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ஈரநில ஒதுக்கீட்டுத் திட்டம், நிலத்தை இனி உழுவதில்லை என்ற கட்டுப்பாட்டை விலைகொடுத்து வாங்கி, அதனை உறுதியோடு இணைத்து, பின்னர் அக்காணியை வாங்குவோரையும் பிணைக்க வழிசெய்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒப்பந்தம் முடியும் நிலத்தை ஓய்வுபெறும் சொந்தக்காரர் புதிய கமக்காரருக்கோ, சமூகத்தில் ஒதுக்கப்பட்ட பிரிவினருக்கோ விற்றால் அல்லது குத்தகைக்குக் கொடுத்தால், மேலும் இரண்டு ஆண்டு வாடகை அளிக்க ஏற்பாடு செய்தது. வாங்குபவர் அவருடைய குடும்பத்தவராக இருத்தலாகாது. நிலத்தைக் காக்கும் முறையிலே பயிரோ மேய்ச்சலோ செய்யவேண்டும். அருமையான ஏற்பாடு! ஆனால் அதற்கென அச்சட்டம் ஒதுக்கிய தொகை, பல ஆண்டுகளுக்கும் சேர்த்து, இரண்டரைக் கோடி டொலர். ஆண்டுக்கு 180 கோடியோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். கோயிலுக்குக் கோபுரம் சொந்தக்காரருக்கு. திண்ணை மட்டும் புதிய கமக்காரனுக்கு.

2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம் 2023இல் முடிந்தபின், புதிய முழுச் சட்டத்துக்குப் பதிலாக நீடிப்புக்களே இத்திட்டத்தைத் தாங்கி வந்தன. மீண்டும் முழுமையாக எழுதப்படும் வேளையில் மூன்று விடயங்கள் கடினமான சொல்லில் எழுதப்பட வேண்டும் என்பது நமது கருத்து. முதலாவது, ஒதுக்கப்படும் நிலத்தை விண்ணப்பத்துக்கு முந்திய சில ஆண்டுகளில் உழுதவருக்கு, குத்தகை முடிந்திருந்தாலும், வாடகையில் இத்தனை வீதம் என எண்ணாற் குறித்த பங்கு. இரண்டாவது, மிக எளிதில் அரிபடும் நிலத்துக்குத் தவணை வாடகையை விடுத்து, உறுதியோடு செல்லும் நிலைத்த கட்டுப்பாடு. மூன்றாவது, புல்லை அழியாது காத்துக் கால்நடை மேய்க்க விரும்பும் உள்ளூர் இளைஞருக்கு அந்நிலத்தில் முதல் வாய்ப்பு. இவை மூன்றும் வழக்காடத்தக்க உரிமைகளாக இருத்தல் வேண்டும்.

நமது சட்டப் புத்தகத்தையும் ஒருகணம் புரட்டிப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண்பாதுகாப்புச் சட்டம், அரிபடும் பிரதேசங்களைப் பிரகடனம் செய்து ஒழுங்குவிதிகளாற் கட்டுப்படுத்தும் வழியைக் கொண்டது. அமெரிக்கரைப்போல் வாடகை கொடுக்கும் வழியன்று. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குடியானவனுக்கு நிலைத்த உரிமையையும் வாரத்துக்கு வரம்பையும் கடினமான சொல்லிலேயே எழுத முயன்றது. ஆயினும், சட்டத்தின் பயனை அடையுமுன்னரே வெளியேற்றப்பட்ட குடிகள் பலர். சொல் கடினமாயிருந்தால் மட்டும் போதாது, அதனைக் காக்கும் அமைப்பும் வேண்டும் என்பது அதிலிருந்து நாம் கற்றது. சொல்லே மென்மையாயிருந்தாலோ காப்பதற்கு ஒன்றும் இராது.

இனி வருங்காலத்தில் மண்ணுக்காகவும் காட்டுக்காகவும் நீருக்காகவும் அரசாங்கங்களும் உலக நிறுவனங்களும் காணிக்காரருக்குப் பணம் கொடுக்கும் திட்டங்கள் பெருகும். அவை நம் கிராமங்களுக்கும் வரலாம். வரும்போது, நமது சட்டத்தரணிகள் முகவுரையின் அழகில் மயங்காது உட்பிரிவுகளைப் படிக்கவேண்டும். நமது கமக்காரர், சொந்தக் காணியில் உழுவோராயினும் பிறர் காணியில் உழுவோராயினும், 'என் பங்கு எத்தனை வீதம், எத்தனை ஆண்டுக்கு, கிடைக்காவிட்டால் எந்த மன்றில் முறையிடலாம்' என்ற மூன்று கேள்விகளையும் கையொப்பமிடுமுன் கேட்கவேண்டும்.

மண்ணைக் காப்பது உறுதிப் பத்திரமன்று. அதன்மேல் நின்று மழையையும் காற்றையும் அறிந்து உழுபவனே அதனைக் காக்கின்றான். அவனை அகற்றிவிட்டுப் புல்லுக்குக் கொடுக்கும் பணம், தவணை முடிந்ததும் புல்லையும் காக்காது போனதைப் பாக்காவின் சமவெளி போன்ற நிலங்களில் ஒருமுறைக்கு இருமுறை உலகம் கண்டுவிட்டது. பொதுப்பணத்தை வழங்கும் சட்டம், சொந்தக்காரரின் பெயரை எவ்வளவு அழுத்தமாக எழுதுகின்றதோ அவ்வளவு அழுத்தமாக உழுபவனின் பெயரையும் எழுதவேண்டும். அதற்குக் குறைந்த எதனையும் நீதியென்று நாம் ஒப்பமாட்டோம்.